விண்வெளியிலும் வருணமா?

வானத்தை அளந்துவிட்டான் மனிதன். நிலவை நோக்கிக் கைகூப்பி நின்றவன், 1969ஆம் ஆண்டிலே அதன்மீது கால் பதித்தான். அதற்கும் அப்பால் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று கருவி கொண்டு ஆராய்கிறான். கருவி எட்டாத தொலைவைக் கற்பனை கொண்டு எட்டுகிறான். அறிவியல் புனைகதை என்பது அந்தக் கற்பனைக்குப் பெயர். வேற்றுக் கோள், வேற்று இனம், வேற்று மொழி, வேற்று வழக்கம், எல்லாம் உண்டு அதிலே.

"சிறுவர் வேடிக்கை! சிந்திப்போருக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பர் சிலர். வேலை இருக்கிறது என்கிறோம் நாம். அந்த வேற்றுக் கோளிலே குடியேற்றப்படுபவன் யார்? எழுதுகிறவன் அறிந்த மனிதன்தான்! மூக்கின்மீது நான்கு மடிப்புகளை ஒட்டி, பெயரை மாற்றி, ஊரை மாற்றி நிறுத்துகிறார்கள். ஆனால் அவன் நெஞ்சிலே நடமாடுவது, நம்மிடையே நடமாடும் அதே ஆசை, அதே அச்சம், அதே ஆணவம். தன் வீட்டு அழுக்கைச் சுட்டிக் காட்டினால் சீறுகிறவன், வேறொரு கோளின் அழுக்கு என்று காட்டினால் அமைதியாக அமர்ந்து பார்க்கிறான். பார்க்கட்டும்! பார்த்து முடித்த பிறகு, அது கண்ணாடி என்று எடுத்துச் சொல்லலாம்.

அத்தகைய கண்ணாடி ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். 'ஸ்டார் டிரெக்' என்ற பெயரிலே 1966 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே தொடர்கள் பல வந்துள்ளன. அவற்றுள் ஒன்று, 1993 சனவரி முதல் 1999 சூன் வரை ஏழு பருவங்கள் ஓடிய 'டீப் ஸ்பேஸ் நைன்'. மதவெறியும் இனவெறியும் குலவெறியும் ஒரு மக்களிடையே எப்படி முளைக்கின்றன, எப்படித் தழைக்கின்றன என்பதை அத்தொடர் உண்மையோடு காட்டியிருக்கிறது. போற்றுகிறோம். ஆனால் அந்த வெறி எப்படி வீழ்கிறது என்று காட்ட வேண்டிய இடத்திலே, பொய்யொன்றைச் சொல்லிவிட்டது. அதைத்தான் கண்டிக்கிறோம்.

கதை நடக்கும் இடம், பஜோர் என்ற கோளின் அருகே நிற்கும் ஒரு விண்நிலையம். கார்டாசியர் என்ற அயலார் பஜோரை ஐம்பது ஆண்டுக் காலம் அடக்கி ஆண்டனர். மண்ணைத் தோண்டினர், மக்களை முகாம்களிலே அடைத்து வேலை வாங்கினர், எதிர்த்தவரைக் கொன்றனர். பஜோரியர் படை திரட்டிப் போரிட்டனர்; அயலார் வெளியேறினர். விடுதலை வந்தது. கதை அங்கே முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது! அதுவே இத்தொடரின் தனிச்சிறப்பு.

இந்த வகைக் கதைகளிலே ஒரு பழைய பழக்கம் உண்டு. ஒரு கோளுக்கு ஒரே குணம். கிளிங்கன் என்றால் போர்வெறியன். ஃபெரெங்கி என்றால் பணப்பேய். பிறப்பைக் கொண்டே குணத்தைக் குறித்துவிடுவது! பிறப்பால் குணம் என்பது எந்தச் சாத்திரத்தின் பாடம் என்பதை நம் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. பஜோரைப் படைத்தவர்கள் அந்தப் பழக்கத்தை உடைத்தனர். அங்கே வெறியர் உண்டு, வெறியரை எதிர்ப்போரும் உண்டு. அமைதி விரும்பும் குரு உண்டு, அதிகாரம் விரும்பும் குருவும் உண்டு. ஆகவே வெறி அங்கே இரத்தத்தில் ஊறிய நோயன்று. விதைத்தவன் ஒருவன், நீர் பாய்ச்சியவன் ஒருவன், அறுவடை செய்தவன் ஒருவன் என்று அடையாளம் காட்டத்தக்க பயிர்.

முதல் விதை பள்ளிக்கூடத்திலே விழுகிறது. விண்நிலையத்தின் அருகே, அண்டத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு இட்டுச் செல்லும் குறுக்குவழி ஒன்று கண்டுபிடிக்கப்படுகிறது. புழுத்துளை என்பர் அறிவியலார். அதனுள்ளே, காலக் கணக்குக்கு உட்படாத உயிர்கள் சில வாழ்கின்றன. பஜோரியருக்கோ அத்துளை தெய்வத் திருக்கோயில். அவ்வுயிர்கள், ஆதிமுதல் தம்மைக் காத்துவரும் தீர்க்கதரிசிகள். அவற்றை முதலில் சந்தித்துத் திரும்பிய பெஞ்சமின் சிஸ்கோ என்ற பூவுலகத்துப் படைத்தலைவனைத் தெய்வத் தூதன் என்று கொண்டாடுகின்றனர்; அவனோ அப்பட்டத்தைச் சுமக்கமாட்டாமல் கூசுகிறான்.

நிலையத்துப் பள்ளியிலே ஆசிரியை ஒருத்தி, துளையில் இருப்பவை வேற்றுயிர்கள் என்று பாடம் நடத்துகிறாள். பொறுப்பாரா வின் அடாமி என்ற பெண்குரு? தெய்வம் என்று சொல்லிக் கொடு, அல்லது அந்தப் பாடத்தையே நடத்தாதே என்கிறார். பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திக்கொள்கின்றனர். ஆசிரியையின் கணவனுக்கு இனிப்பு விற்கவும் மறுக்கிறான் ஒரு கடைக்காரன். பிறகு? பள்ளியிலே குண்டு வெடிக்கிறது! அந்தக் குழப்பத்திலே, குருபீடத்துக்குப் போட்டியாக நின்ற பரைல் என்ற அமைதிக் குருவைச் சுட முயல்கிறாள், பக்தி முற்றிய ஓர் இளம்பெண். பிடிபட்டவள் அவள், பின்னாலே நின்ற குருவின்மீதோ குற்றத்தை மெய்ப்பிக்க இயலவில்லை. 1993ஆம் ஆண்டிலே வந்த முதற்பருவத்தின் முடிவு இது.

வரிசையைக் கவனியுங்கள். பாடத்தில் தொடங்கிற்று, புறக்கணிப்பில் வளர்ந்தது, குண்டில் வெடித்தது, கொலை முயற்சியில் முடிந்தது. ஆட்பட்டது ஏழைப் பக்தை. ஆதாயம் தேடியது பீடம். குண்டு எறியும் கை எப்போதும் இளையது, குறி காட்டும் விரல் எப்போதும் முதியது என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலுமா?

அடுத்தது, அதே ஆண்டின் பிற்பகுதியிலே வந்த மூன்று பகுதிக் கதை. வட்டம் என்ற பெயரிலே ஓர் இயக்கம் கிளம்புகிறது. பஜோர் தம்மவர்க்கே, அயலார் அனைவரும் அகல வேண்டும் என்பது அதன் முழக்கம். தலைமை தாங்குபவர் ஜாரோ எஸ்ஸா என்ற அமைச்சர். ஆசி வழங்கக் காத்திருப்பவர் அதே வின் அடாமி.

தன் மண் தனக்கு வேண்டும் என்பது தவறா? தவறன்று. அடிமைப்பட்ட எந்த மக்களும் எழுப்பியே தீர வேண்டிய குரல் அது. ஆனால் அயலான் போன பின்பு, உதவிக்கு வந்தவனையும் ஒண்ட வந்தவனையும் ஒன்றாக்கி, 'வெளியேற்று, வெட்டு' என்று கூவுவது உரிமைக் குரலாகுமா? அது பதவிப் பசியின் குரல். கதை அதை அம்பலப்படுத்தும் விதம் அருமை! வட்டத்தின் கையிலிருந்த படைக்கலங்கள் எங்கிருந்து வந்தன? இடைத்தரகர் வழியாக, கார்டாசியரிடமிருந்து! எந்த அயலானை வெறுப்பதாக முழங்கினார்களோ, அந்த அயலானே கள்ளத்தனமாகக் கருவி கொடுத்து வளர்த்திருக்கிறான், தான் மறுபடி உள்ளே நுழைய வழி பிறக்கும் என்று. தலைவனுக்கே அது தெரியாது! வெறி பிடித்தவன் தன்னை வீரன் என்று நினைத்துக்கொள்கிறான். அவன் கழுத்துக் கயிறு யார் கையிலே இருக்கிறது என்பதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்றாவது கதைதான் நம் நெஞ்சை நேரே தைப்பது. 1996 பிப்ரவரியிலே வந்தது. எழுதியவர் ஜேன் எஸ்பென்சன். புழுத்துளையிலிருந்து பழங்காலக் கலம் ஒன்று வெளிப்படுகிறது. அதிலே இருப்பவன் அகோரெம் லான், இரு நூற்றாண்டுகளுக்கு முன்பு காணாமற்போன புகழ்பெற்ற கவிஞன். காயமுற்றிருந்த தன்னைத் தெய்வங்கள் காத்தன, ஆகவே தானே உண்மைத் தூதன் என்கிறான். சிஸ்கோவோ, சுமை இறங்கிற்று என்று மகிழ்ந்து, பட்டத்தைக் கொடுத்துவிடுகிறான்.

தூதன் என்ன சொன்னான்? பசித்தவனுக்குச் சோறு என்றானா? முகாம்களிலே பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கல்வி என்றானா? இல்லை! எல்லோரும் டிஜாராவுக்குத் திரும்புங்கள் என்றான்.

டிஜாரா! பஜோரிய அகராதி நமக்கு வேண்டாம். இன்ன குடும்பத்தில் பிறந்தவன் இன்ன தொழிலே செய்ய வேண்டும். இன்னாருக்கு இன்னார் மேல், இன்னாருக்கு இன்னார் கீழ். பிணத்தை அடக்கத்துக்கு ஆயத்தம் செய்யும் குலத்தார், தீண்டுதற்குரியர் அல்லர். விண்வெளியிலும் வருணமா என்று வியக்கிறீர்களா? பெயர்தான் புதிது, பிணி பழையது.

அந்த முறை ஏன் ஒழிந்திருந்தது? அயலான் ஆட்சியின்போது ஒழிந்தது. நாட்டை மீட்க வேண்டுமென்றால் எல்லோரும் போர்வீரராக வேண்டும். சிற்பியும் வணிகனும் பிணம் சுமப்பவனும் ஒரே பதுங்குகுழியிலே படுத்துறங்க வேண்டும். அங்கே குலம் பார்க்க நேரமில்லை, குலம் பார்த்தால் உயிரில்லை! ஆகவே தூக்கி எறிந்தனர். விடுதலைப் போர் அவர்களுக்குத் தந்த இரண்டாவது விடுதலை அது. அந்த இரண்டாவது விடுதலையைத்தான் பறிக்க வந்தான் தூதன். சாகும்போது சமம், வாழும்போது வேறா? போர்க்களத்திலே தோள், பந்தியிலே தீட்டா? கேட்பாரில்லை. கேட்க வேண்டியவர்கள் கைகூப்பி நின்றனர்.

கிரா நெரிஸ் என்ற வீரப்பெண்ணைப் பாருங்கள். இளமையிலேயே விடுதலைப் படையிலே சேர்ந்தவள். அயலானின் துப்பாக்கிக்கு அஞ்சாதவள். அவளுடைய குலம் கலைஞர் குலம். ஆகவே, படைப்பதவியைத் துறந்து சிற்பம் பழகப் போகிறாள். களிமண் அவள் பேச்சைக் கேட்கவில்லை. பறவை செய்யப் போனால் பறவை வரவில்லை. திறமை இருக்கும் இடத்திலே வேலை இல்லை, வேலை கொடுத்த இடத்திலே திறமை இல்லை! குலத்தொழில் முறையின் கேடு முழுவதும் அந்த ஒரு பிடிக் களிமண்ணிலே அடங்கியிருக்கிறது. துப்பாக்கி வளைக்க முடியாத முதுகெலும்பை, தூதன் ஒருவனின் சொல் வளைத்துவிட்டது. அடக்குமுறையினும் கொடியது அடங்கும் மனம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இதற்கிடையிலே, குலவேறுபாடு காட்டும் எந்தக் கோளையும் தன் கூட்டமைப்பிலே சேர்க்க இயலாது என்கிறான் சிஸ்கோ. உறவு முறிந்தாலும் முறியட்டும், தூதன் வாக்கே பெரிது என்றிருக்கின்றனர் பஜோரியர். அப்போது விழுகிறது முதற்பிணம். பிணம் சுமக்கும் குலத்திலே பிறந்து குருவாகிவிட்ட ஒருவரை, போர்ட்டா என்ற மற்றொரு குரு மாடத்திலிருந்து தள்ளிக் கொல்கிறான். பதவியை விட்டு விலகச் சொன்னானாம், விலகவில்லையாம்! கொன்றவன் கயவன் என்று பெயர் பெற்றவனல்லன். நேற்றுவரை நல்லவன் என்று நடமாடியவன். நேற்றுவரை இருவரும் ஒரே தெய்வத்தை ஒரே வரிசையிலே நின்று வணங்கியவர்கள். குலம் வந்தது, கொலை வந்தது. இடையிலே பகை எதுவும் தேவைப்படவில்லை.

இந்தப் பாதை எங்கே போய் முடியும்? அதையும் 'ஸ்டார் டிரெக்' முன்பே காட்டியிருக்கிறது. 1969 சனவரியிலே வந்த ஒரு கதையில், செரான் என்ற கோளைச் சேர்ந்த இருவர், பீல் என்பவனும் லோகாய் என்பவனும். இருவர் உடலும் பாதி கருமை, பாதி வெண்மை. காண்பவர்க்கு இருவரும் ஒன்று. அவர்களுக்கோ கடலளவு வேற்றுமை: ஒருவனுக்கு வலப்பக்கம் கருமை, மற்றவனுக்கு வலப்பக்கம் வெண்மை! இதற்காக ஐம்பதாயிரம் ஆண்டுகள் ஒருவனை ஒருவன் துரத்துகிறான். ஊர் திரும்பிப் பார்த்தால் ஊரே இல்லை. இரு சாராரும் அடித்துக்கொண்டு அழிந்து, கோள் முழுவதும் சுடுகாடு. அப்போதேனும் நின்றார்களா? இல்லை, பிணக்காட்டிலே இறங்கியும் துரத்தினர்! நகைப்பூட்டும் கதை என்பர். வலப்பக்கத்தைப் பார்த்து நகைப்பவர்கள், தோளையும் நெற்றியையும் பார்த்து மனிதனை அளப்பவர்களைக் கண்டு ஏன் நகைப்பதில்லை என்று கேட்கிறோம்.

சேரானின் கதையிலே நெஞ்சுரம் இருந்தது. தெய்வம் இறங்கிவந்து காப்பாற்றவில்லை. வெறி தன் முடிவைத் தானே கண்டது. பஜோரின் கதையிலோ, கடைசி நேரத்திலே எழுதுகோல் நடுங்கிவிட்டது. கொலைக்குப் பின் சிஸ்கோ விழித்தெழுகிறான். கவிஞனை எதிர்க்கிறான். எப்படி? குலம் கொடிது என்று மக்களிடம் வாதாடியா? கொலையுண்டவரின் குலத்தாரை எழுப்பியா? இல்லை! இருவரும் புழுத்துளைக்குள் சென்று, யார் உண்மைத் தூதன் என்று தெய்வங்களையே கேட்கிறார்கள். சிஸ்கோவே தூதன் என்று தீர்ப்பு வருகிறது. கவிஞன் தன் காலத்துக்குத் திருப்பி அனுப்பப்படுகிறான், நினைவும் நீக்கப்படுகிறது, முடிவுறாதிருந்த தன் கவிதையை முடித்து வைக்கிறான். அவனோடு டிஜாராவும் போயிற்று. சுபம்!

நாம் கேட்கிறோம்: தெய்வங்கள் வேறு தீர்ப்புச் சொல்லியிருந்தால்? கவிஞனே தூதன் என்று குரல் வந்திருந்தால்? அப்போது குலம் நீதியாகிவிடுமா? மாடத்திலிருந்து தள்ளியது அறமாகிவிடுமா? தூதன் யார் என்பதல்ல கேள்வி. தூதன் சொன்னால் மனிதனை மனிதன் இழிவுபடுத்தலாமா என்பதே கேள்வி. அந்தக் கேள்வியை எழுப்பிய கதையே, அதற்கு விடை கூறாமல் விண்ணைக் காட்டி நழுவிவிட்டது.

"நம்பிக்கையில் ஊறியவர்கள் தெய்வ வாக்குக்குத்தான் கட்டுப்படுவார்கள், அதனால்தான் கதை அவ்வாறு போயிற்று" என்று வாதிடுவோர் உண்டு. நோயாளிக்குப் பிடித்ததே மருந்து என்கிறார்கள்! அம்மருந்தின் பலனையும் அதே தொடர் காட்டியிருக்கிறது. 1998 நவம்பரிலே வந்த கதையொன்றில், பஜோரியர் சிலர் வேறு தெய்வங்களைத் தேடி, வேறொரு குருவின் காலடியிலே கிடக்கின்றனர். யார் அந்தக் குரு? டுக்காட், பஜோரை அடக்கி ஆண்ட கார்டாசியத் தலைவன்! நேற்றைய கொடுங்கோலன், இன்றைய குருநாதன். தன் குற்றம் வெளிப்படப்போகிறது என்றதும், அடியார் அனைவரையும் நஞ்சுண்டு சாகச் சொல்கிறான். தான் மட்டும் பிழைத்துக்கொள்ளத் திட்டமிடுகிறான். கிரா இடையிலே பாய்ந்து தடுத்திராவிட்டால் பிணக்குவியல்தான். குரலுக்குக் கீழ்ப்படியப் பழகிய காது, குரல் யாருடையது என்று கேட்பதில்லை. ஒரு தூதனை மறு தூதன் வீழ்த்தினால், தூதர்கள் மாறுவார்கள்; தொழுகிறவன் தொழுதுகொண்டேயிருப்பான்.

பிறப்பால் தொழில் என்ற ஆணை வேற்றுக் கோளுக்கே உரியதன்று என்பதால், இங்கே ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம். 1953ஆம் ஆண்டிலே சென்னை மாநிலத்தில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படித்துவிட்டு, மீதிப் பொழுதிலே தகப்பன் தொழிலைப் பழக வேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தார் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார். குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தனர் மக்கள். 1954ஆம் ஆண்டிலே காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. எந்தத் துளையிலிருந்து எந்தத் தெய்வம் தீர்ப்பு வழங்கிற்று? எதுவுமில்லை! மேடை பேசிற்று, தெரு பேசிற்று, பிள்ளையைப் படிக்க வைக்க விரும்பிய தாய் பேசினாள். வண்ணானின் மகன் ஏன் வண்ணானாகவே இருக்க வேண்டும் என்ற ஒரு கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் வீழ்ந்தது அத்திட்டம். வெறி வீழும் வழி அது. மெதுவான வழி, ஆனால் வீழ்ந்தது மீண்டும் எழ முயன்றால், மீண்டும் கேள்வி கேட்க ஆள் இருக்கும் வழி.

அந்த வழியைப் பஜோருக்கும் தந்திருக்கலாம். கிரா, பறவையாகாத அந்தக் களிமண்ணைக் கையிலேந்தித் தூதன் முன்னே நின்று, 'என் கை இதற்குப் பிறந்ததன்று. நீர் சொல்வது பொய்' என்று கூறியிருக்கலாம். கொலையுண்டவரின் குலத்தார், 'இனி உங்கள் பிணங்களை நீங்களே சுமந்துகொள்ளுங்கள்' என்று ஒதுங்கியிருக்கலாம். பதுங்குகுழியிலே ஒன்றாகப் படுத்தவர்கள், ஒன்றாக எழுந்து நின்றிருக்கலாம். அயலானை விரட்டிய மக்களுக்கு ஒரு கவிஞனை மறுத்துப் பேச ஆற்றல் இல்லையா? இருந்தது. எழுதியவர்தான் அதை அவர்களிடம் ஒப்படைக்கவில்லை.

ஆகவே, விண்வெளிக் கதை எழுதுவோரை வேண்டுகிறோம்: வெறியைக் காட்டுங்கள், அதன் வேரையும் காட்டுங்கள். கோளுக்கொரு குணம் என்ற பழைய பொய்யைக் கைவிடுங்கள். ஆனால் வெறியை வீழ்த்த வானத்தை வாடகைக்கு அழைக்காதீர்கள். ஒளியை மிஞ்சும் வேகத்திலே பறக்கும் கலத்தைக் கற்பனை செய்யத் துணிந்த நீங்கள், தூதனைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்கும் ஒரு சாதாரண மனிதனைக் கற்பனை செய்ய ஏன் தயங்குகிறீர்கள்?

படிப்போரையும் பார்ப்போரையும் வேண்டுகிறோம்: அடுத்த கோளின் மூடத்தனத்தைக் கண்டு நகைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். தூதன் எந்தக் கோளிலிருந்து வந்தாலும், எவ்வளவு இனிய கவிதை பாடினாலும், அவன் ஏட்டிலே மேல் என்றும் கீழ் என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஏட்டை மூடுங்கள், வாயைத் திறங்கள்!